அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள்

கேள்வி: டாக்டர், எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு 19 நாள். சிசேரியன். பிறந்தபோது எடை 2.800 கிலோ. ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.600. பதினோராம் நாள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 2.760, இன்று காலை அதே இடத்தில் 2.960. முதல் பத்துப் பதினோரு நாள் நன்றாகத்தான் இருந்தாள். அப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி பன்னிரண்டு வரை அழுகை. குடித்த அரை மணியில் மறுபடி கேட்கிறாள். ‘பால் பத்தல, தண்ணியா இருக்கு’ என்று மாமியார் பவுடர் பால் வாங்கிவரச் சொன்னார். எட்டு நாளாக ராத்திரியில் இரண்டு தடவை, தலா 60 மில்லி, புட்டியில் கொடுக்கிறோம். கெட்டியாக இருந்தால் தூங்குவாள் என்று 60 மில்லிக்கு மூன்று கரண்டி போடுகிறார். குடித்துவிட்டு நாலு மணி நேரம் தூங்குகிறாள். ஆனால் இப்போது மார்பில் வைத்தாலே முரண்டு பிடிக்கிறாள். பகலில் ஆறேழு துணி நனைகிறது, ராத்திரிக்கு டயப்பர். பக்கத்து வீட்டு ஆயா உரை மருந்து கொடு, கிரைப் வாட்டர் கொடு என்கிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ரூம், ஒரு கிச்சன், ஐந்து பேர். எனக்கு மதியம் 2 முதல் ராத்திரி 10 வரை ஷிப்ட். மனைவி எதற்கெடுத்தாலும் அழுகிறாள். நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பவுடர் பாலைத் தொடரலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை-21

பதில்: எடையைத் தேதிவாரியாகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள். இப்படி எழுதுகிற அப்பாக்கள் குறைவு. உங்கள் கேள்விக்கான பதில் அந்த நான்கு எண்ணில்தான் இருக்கிறது, கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

பிறந்த குழந்தை முதல் சில நாளில் எடை இறங்கும். பத்து சதவீதம் வரை இறங்கினால் பயமில்லை. உங்கள் பெண் 200 கிராம் இறங்கியிருக்கிறாள், ஏழு சதவீதம். இறங்கிய எடை இரண்டு வாரத்துக்குள் மீள வேண்டும், அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரை ஆறு நாளில் 160 கிராம் ஏறியிருக்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 27 கிராம். அப்போது வீட்டில் பவுடர் டப்பாவே கிடையாது, முழுக்கத் தாய்ப்பால். அதற்குப் பிந்தைய எட்டு நாளில் டப்பா பாலும் சேர்ந்து ஏறியது 200 கிராம். நாளுக்கு 25.

கூடவே 120 மில்லி உள்ளே போயிருக்கிறது, எடை மட்டும் கூடுதலாக ஏறவில்லை. ஆஸ்பத்திரித் தராசு வேறு, சுகாதார நிலையத் தராசு வேறு. அதனால் 50 கிராம் முன்னே பின்னே இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றைத்தான் காட்டுகிறது: பவுடர் பால் தாய்ப்பாலோடு சேரவில்லை, தாய்ப்பால் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பதினோராம் நாள் வரை உங்கள் மனைவிக்குப் பால் போதுமான அளவு இருந்தது. இப்படியே புட்டி தொடர்ந்தால் இன்னும் மூன்று வாரத்தில் மாமியார் சொன்னது உண்மையாகிவிடும். அவர் சொன்னது சரி என்பதால் அல்ல, புட்டி அதை உண்மையாக்கிவிடும் என்பதால்.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள். மார்பும் அப்படித்தான். பால் வெளியேற வெளியேறத்தான் அடுத்த பால் சுரக்கும். உள்ளே தேங்கினால் சுரப்பு தானாகவே குறையும். பாலைச் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். நீங்கள் புட்டி கொடுப்பதும் அதே ராத்திரியில். குழந்தை நாலு மணி நேரம் அசையாமல் தூங்குகிறது, அந்த நேரம் முழுக்க மார்பு கட்டிக்கொண்டு கிடக்கிறது. உடம்பு அதை ‘இவ்வளவு வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்கிறது.

சரி, அப்படியானால் பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஏன் அழ ஆரம்பித்தாள்? இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பல குழந்தைகள் திடீரென்று அடிக்கடி பால் கேட்கும், அதிலும் சாயங்காலம் தொட்டு நடுராத்திரி வரை அரை மணிக்கு ஒரு தடவை. ராத்திரித் தூக்கத்துக்கு முன்னால் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது, சுரப்பையும் கூட்டிக்கொள்கிறது. ஆறாவது வாரத்திலும் இதே கூத்து நடக்கும். பசி இல்லாத அழுகையும் உண்டு. அது இரண்டாவது வாரத்தில் தொடங்கி ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். டப்பா பால் குடிக்கிற குழந்தைக்கும் இதே கால அட்டவணைதான். ஆகவே அழுகை, பாலை அளக்கிற படி அல்ல.

அளக்கிற படி இரண்டு. ஒன்று தராசு. இன்னொன்று மூத்திரத் துணி. ஐந்தாறு நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு துணி நன்றாக நனைய வேண்டும், மூத்திரம் வெளிறி இருக்க வேண்டும். பகலிலேயே ஆறேழு துணி என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதுமானது. ராத்திரி டயப்பர்தான் ஏமாற்றும், நனைந்ததே தெரியாது. ஒரு புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், அதாவது 45 மில்லி, ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் பழகிவிட்டால் அப்புறம் கையே சொல்லிவிடும். துணியில் செங்கல் நிறத்தில் தூள் மாதிரிக் கறை தெரிந்தால் முதல் இரண்டு மூன்று நாளில் பரவாயில்லை, இந்த வயதில் தெரிந்தால் பால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

‘தண்ணியா இருக்கு’ என்பதற்கும் காரணம் உண்டு. முதலில் வரும் பால் நீர்த்து, லேசாக நீலம் தட்டி இருக்கும். மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு கூடி வெள்ளையாகும். பத்து நிமிஷத்தில் பிடுங்கி மறுபக்கம் மாற்றாமல், ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விடும்வரை குடிக்க விடுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு மார்பின் வீக்கம் குறைந்து தொளதொளவென்று இருக்கும், அது பால் வற்றியதன் அடையாளம் இல்லை. கையால் பீய்ச்சிப் பார்த்து 20 மில்லிதான் வந்தது என்று அளப்பதும் தப்பான அளவு. குழந்தையின் வாய் எடுக்கிற பால் வேறு, கை எடுக்கிற பால் வேறு.

இப்போது புட்டியை நிறுத்தும் வழி. முதலில் இன்றைக்கே நிறுத்த வேண்டியது அந்த மூன்றாவது கரண்டியை. நம்மூரில் விற்கும் பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு கரண்டி என்று போட்டிருக்கும். உங்கள் டப்பாவில் எப்படி என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். 60 மில்லிக்கு மூன்று என்றால் உப்பும் புரதமும் ஒன்றரை மடங்கு. பிஞ்சுச் சிறுநீரகத்தால் அதைச் சுலபமாகக் கழிக்க முடியாது. உடம்புத் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும், தாகம் எடுக்கும், தாகத்துக்கும் அழத்தான் தெரியும், அதைப் பசி என்று மறுபடி புட்டி. மலமும் கட்டும். கெட்டியாகக் குடித்ததும் தூங்குவது வயிறு கனத்துப் போவதால், நிறைவால் அல்ல.

கொடுக்க வேண்டிய நாட்களில் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, அரை மணிக்கு மேல் ஆறவிடாமல், சூடு இருக்கும்போதே முதலில் தண்ணீரை அளந்து, பிறகு பவுடரைப் போட்டுக் கலக்கி, ஆற வைத்துக் கொடுங்கள். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை, அதற்குத்தான் இந்தச் சூடு. கேன் தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். மிச்சம் வைத்ததை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காமல் கொட்டிவிடுங்கள்.

புட்டியை எடுத்து மேலே வையுங்கள், பாலாடைக்கு மாறுங்கள். சங்கு என்றும் சொல்வார்கள், உங்கள் மாமியாருக்குப் பிடிக்கத் தெரிந்திருக்கும். ரப்பர் காம்பில் உறிஞ்சாமலே பால் கொட்டுகிறது. மார்பில் ஒன்றிரண்டு நிமிஷம் உழைத்தால்தான் பால் இறங்கும். சுலபமானது பழகிய வாய் முரண்டு பிடிப்பதில் ஆச்சரியமில்லை. பாலாடையைக் கீழுதட்டின் ஓரத்தில் தொட்டு, குழந்தையை ஓரளவு நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். தொண்டைக்குள் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள்: விடியற்காலைப் புட்டியை விட்டுவிட்டு அந்த நேரத்தில் மார்பு மட்டும். முன்னிரவில் இரண்டு மார்பும் கொடுத்து முடித்த பிறகும் தேடினால் 30 மில்லி மட்டும், சரியான கலவையில், பாலாடையில். மூன்றாம் நாளிலிருந்து அதுவும் வேண்டாம். 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை மார்பில் போட வேண்டும். ராத்திரி மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் இந்த வாரம் மட்டும் எழுப்பியாவது. ஏழு நாள் கழித்து அதே சுகாதார நிலையத்தில், அதே தராசில், துணியில்லாமல் எடை போடுங்கள். 140 கிராமுக்குக் குறையாமல் ஏறியிருந்தால் டப்பாவை மறந்துவிடலாம். அதற்குள் எந்த நாளாவது ஆறு துணி நனையவில்லை என்றாலோ, எடை அந்த அளவு ஏறவில்லை என்றாலோ நீங்களாக எதையும் முடிவு செய்யாமல் தாயையும் குழந்தையையும் சேர்த்துக் காட்டுங்கள். நிஜமாகவே பால் குறைந்த தாய்மார்களும் இருக்கிறார்கள்: தைராய்டுக் குறைபாடு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துணுக்கு உள்ளே தங்கியது, மார்பில் முன்பு நடந்த அறுவை என்று காரணங்கள் உண்டு. அவர்களுக்கு டப்பா பால் ஒரு மருந்து மாதிரி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் எண்கள் அந்தப் பக்கம் காட்டவில்லை.

முரண்டு பிடிப்பதற்கு ஒரு வழி. அழுது சிவந்த பிறகு மார்பில் வைத்தால் எந்தக் குழந்தையும் பிடிக்காது. கையைச் சப்பும்போதே, தலையை இப்படி அப்படித் திருப்பித் தேடும்போதே எடுக்க வேண்டும். குழந்தைக்கு டயப்பர் மட்டும், அம்மாவின் மார்பில் துணியில்லாமல், தோலோடு தோலாகக் கால் மணி நேரம் கிடக்கட்டும். முதலில் இரண்டு சொட்டு பீய்ச்சிக் காம்பில் தடவி வையுங்கள். சிசேரியன் தையல் வலிக்கும் என்பதால் மடியில் போடாமல், குழந்தையைத் தாயின் அக்குளுக்குக் கீழே, கால்கள் முதுகுப் பக்கம் போகும்படி, ஒரு தலையணை மேல் கிடத்தலாம். வாய் கொட்டாவி விடுவதுபோல் அகலத் திறந்த அந்தக் கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தைக்குத் திணிக்கக் கூடாது. முகவாய் மார்பில் புதைந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேலுதட்டுக்கு மேலே தெரியலாம், கீழே தெரியக் கூடாது. முழுங்கும் ‘க்க்’ சத்தம் கேட்க வேண்டும். ‘ச்ச் ச்ச்’ என்று சப்புக்கொட்டும் சத்தமும் கன்னக்குழியும் இருந்தால் காம்பை மட்டும் பிடித்திருக்கிறது. சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு விடுவித்து மறுபடி வையுங்கள். காம்பு வெடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வருவோம். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் உரை மருந்தில் உரைக்கும் ஜாதிக்காய் மயக்கம் தருகிற சரக்கு. எத்தனை உரை உரைத்தோம் என்பதற்கு அளவே இல்லை, கல்லும் தண்ணீரும் கிருமியில்லாதவையும் இல்லை. கிரைப் வாட்டரின் இனிப்பு நாக்கில் பட்டதும் சில நிமிஷம் அழுகை நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. சர்க்கரைத் தண்ணீர், தேன், வெந்நீர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி வித்து பிஞ்சுக் குடலில் முளைத்து நரம்பை முடக்கும். மே மாதக் கத்திரியிலும் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். மூக்கில் எண்ணெய், கண்ணுக்கு மை, ஒற்றை ரூமில் சாம்பிராணி, கொசுவர்த்தி – நாலும் வேண்டாம். கொசுவுக்குக் குடை வலை இருக்கிறது. கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வைட்டமின் டி சொட்டு, தினமும் 400 யூனிட். சில பாட்டிலில் ஒரு மில்லியில் 400, சிலதில் 800. கடையில் மாற்றிக் கொடுத்தால் அளவும் மாறும், லேபிளைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள், அவர் கைக்கு வேலையில்லாமல் போனால்தான் டப்பாவைத் திறப்பார். பால் சுறா புட்டு செய்யட்டும், பூண்டு நிறையப் போடட்டும் என்றுதான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். பூண்டில் ஆட்சேபம் இல்லை. சுறாவில் பாதரசம் சேர்வதால் பால் கொடுக்கும் தாய்க்கு அது நல்ல மீன் இல்லை. காசிமேட்டில் காலையில் நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் அதைவிட மலிவாகக் கிடைக்கும், புரதத்துக்கு அவை போதும். எந்த உணவும் குழாயைத் திறந்துவிடுவதுபோல் பாலைக் கொட்ட வைக்காது. ஆனால் பத்தியம் என்று தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைத்தால் தாய் துவண்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் விடாமல் போட வேண்டும்.

இனி உங்களுக்கு. ‘சும்மா நிற்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பால் கொடுப்பதைத் தவிர மிச்சம் எல்லாமே உங்களால் முடியும். பத்து மணி ஷிப்ட் முடிந்து வந்து, சட்டை மாற்றி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை குழந்தை உங்களுடையது. பசித்தால் மட்டும் அம்மாவிடம் கொண்டுபோய் வையுங்கள், குடித்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். தோளில் போட்டு ஏப்பம், துணி மாற்றுவது, நடப்பது எல்லாம் உங்கள் கணக்கு. குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை முழங்கை மடிப்பில், உங்கள் உள்ளங்கை அதன் தொடைகளுக்கு இடையில் இருக்க, வராந்தாவில் மெதுவாக நடந்து பாருங்கள். வயிற்றில் விழும் அந்தச் சின்ன அழுத்தத்துக்குப் பல குழந்தைகள் அடங்கும். விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரை மாமியார். அந்த நேரமும் பால் தவிர வேறெதற்கும் மனைவியை எழுப்பக் கூடாது. எதுவும் பலிக்காமல் கோபம் தலைக்கேறினால், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் வெளியே போய் நில்லுங்கள். குலுக்கிவிடாதீர்கள். ஒரே குலுக்கலில் மூளையில் ரத்தம் கசியலாம்.

தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்க, தட்டையான பாயில், தலையணை இல்லாமல். கடுகுத் தலையணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தூளியில் முகவாய் மார்பில் மடிந்தால் மூச்சுக்குழல் அடைபடும். அழுகையை அடக்க ஆட்டினாலும், தூங்கியதும் எடுத்துப் பாயில் போட்டுவிடுங்கள். ஃபேன் ஓடட்டும், ஒரு பருத்திச் சட்டை போதும்.

மனைவியின் அழுகையைத்தான் நான் குழந்தையின் அழுகையைவிடக் கவனமாகப் படித்தேன். பிரசவமான மூன்றாம் ஐந்தாம் நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம், இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். உங்கள் வீட்டில் 19 நாள் ஆகிவிட்டது. தூக்கமில்லாததும், ‘உன் பால் சரியில்லை’ என்று தினம் காதில் விழுவதும் பாதிக் காரணமாக இருக்கலாம். முதல் வேலையாக அந்தப் பேச்சை நிறுத்துங்கள், மாமியாரிடம் நீங்களே பேசுங்கள், மனைவியைப் பேச வைக்காதீர்கள். ஒரு வாரம் தூக்கம் கிடைத்தும் மாறவில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குழந்தைமேல் ஒட்டுதல் இல்லை என்றால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவில் காட்டுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்றோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ சொன்னால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், ஒரு நிமிஷமும் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

குழந்தைக்கும் அப்படி உடனே ஓட வேண்டிய நேரங்கள் உண்டு. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினாலோ, உடம்பு சில்லிட்டாலோ, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். பாராசிட்டமால் சொட்டு கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். இன்றைய தேதியில் கண்ணிலோ காலிலோ மஞ்சள் தெரிந்தால், அதுவும் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால், ரத்தப் பரிசோதனை அவசரம். வெயிலில் காட்டிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும்.

இன்னும் 23 நாளில் ஆறு வாரத் தடுப்பூசி. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கு ஒரே ஊசி), நிமோனியாவுக்கான ஊசி, போலியோ ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு எல்லாம் ஒரே நாளில், உங்கள் சுகாதார நிலையத்திலேயே இலவசம். அன்றைக்கு எடையும் போடுவார்கள். மூன்றரை கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். மாமியாரையும் கூட்டிப் போங்கள், தராசில் தெரியும் எண்ணை அவரே படிக்கட்டும்.